அப்ரூவல் இல்லாத நாலு பக்கம்

எங்கள் பனியன் கம்பெனியில் சித்ராதேவி கைபட்ட சாம்பிள் ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. புகழ்வதற்காகச் சொல்லவில்லை, எனக்குப் புகழத் தெரியாது. அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் செக்கிங் சாரதாமணி நான். என் வாய்க்குப் பயந்து பீஸை ஒளித்து வைக்கிற சூப்பர்வைசர்கள் உண்டு. அப்பேர்ப்பட்ட நானே அந்தப் பெண்ணின் சாம்பிளில் பிசிறு தேடித் தோற்றிருக்கிறேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டென்மார்க்கிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ பையர் ஒரு பனியனை அனுப்புவான். அதே போல நாம் ஒன்று செய்து அனுப்ப வேண்டும். அவன் அதை அளந்து, இழுத்து, துவைத்துப் பார்த்து, சரியென்றால் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தொங்கவிடுவான். அதற்குப் பெயர் அப்ரூவல். அதன் பிறகு எத்தனை ஆயிரம் பீஸ் ஓடினாலும் எல்லாம் அந்த ஒன்றின் அச்சாக இருக்க வேண்டும். இதில் சொந்த மூளையைக் காட்டினவன் கெட்டான். ஒரு கட்டிங் மாஸ்டர், இப்படி வைத்தால் இன்னும் லட்சணமாக இருக்குமே என்று ஒரு பாக்கெட்டை அரை இன்ச் ஏற்றி வைத்தார். மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. மனிதர் இப்போது சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

சித்ராதேவி சாம்பிள் பிரிவின் மெர்ச்சண்டைசர். பையர் கேட்பதைப் புரிந்துகொண்டு, அதை அப்படியே செய்ய வைத்து, அப்ரூவல் வாங்கித் தருவது அவள் வேலை. அப்பா இசக்கிமுத்து தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எங்கள் அயர்னிங் பிரிவில்தான் இருக்கிறார். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது குடும்பம் இங்கே வந்துவிட்டது. அதனால் அப்பாவிடம் ஒரு தமிழ், எங்களிடம் ஒரு தமிழ், தையல் லைனில் இருக்கும் பீகார்ப் பையன்களிடம் இந்தி, பையரிடம் இங்கிலீஷ் என்று அந்தந்த இடத்துக்கு அந்தந்த அச்சில் பேசுவாள். எந்தப் பேச்சிலும் அவளுடைய அபிப்பிராயம் என்று ஒன்று வெளியே வந்து நான் பார்த்ததில்லை. மதியம் கேன்டீனில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால், "நீங்க என்ன சொல்லியிருக்கீங்கக்கா?" என்பாள். "ஏம்புள்ள, உன்ற வயித்துக்கும் அப்ரூவல் வேணுமா?" என்று கேட்டால் சிரிப்பாள்.

இந்தப் பெண் எம்.ஏ. படிக்கிறாள் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. பி.ஏ. இங்கிலீஷ் முடித்து வேலைக்கு வந்தவள், சில வருஷம் கழித்து ஒரு கல்லூரியின் வார இறுதி வகுப்பில் சேர்ந்திருந்தாள். நவீன ஆங்கில இலக்கியமும் பண்பாடும். பெயரைக் கேட்டதும் எனக்குக் கொட்டாவி வந்தது.

"அதப் படிச்சா பெரிய போஸ்ட் குடுப்பாங்களா?"

"இல்லீங்கக்கா."

"கல்யாணத்துக்கு ஆகுமா?"

"அதுக்கும் ஆகாதுங்க."

"அப்பறம் என்ன கருமத்துக்கு?"

"புடிச்சிருக்குங்கக்கா." இதைச் சொல்லும்போது ஏதோ திருட்டுத்தனம் செய்தவள் போலக் குனிந்துகொண்டாள். சரி, ஆளாளுக்கு ஒரு பைத்தியம் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் புத்தகமும் கையுமாகத் திரிந்தாள்.

போன வருஷம் இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் வந்து அவள் கழுத்தைப் பிடித்தன. எங்கள் மெர்ச்சண்டைசிங் மேனேஜர் வேலையை விட்டுவிட்டார். முதலாளி செங்கோட்டையன் சித்ராதேவியை அந்த நாற்காலியில் உட்கார வைக்க ஆசைப்பட்டார். ஆனால் மேனேஜர் என்றால் சனி, ஞாயிறு கிடையாது. பையர் எப்போது கூப்பிட்டாலும் எடுக்க வேண்டும். ஆகவே படிப்பை ஏறக்கட்ட வேண்டும். இந்தப் பக்கம், எம்.ஏ.வின் கடைசி வேலையாக ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. அதை இந்தப் பருவத்தில் முடித்துவிட்டால், தன்னிடம் காலியாக இருக்கும் ஒரே ஓர் ஆராய்ச்சி இடத்தில் அவளைச் சேர்த்துக்கொள்வதாக அவளுடைய வழிகாட்டி ஈஸ்வரமூர்த்தி சொல்லியிருந்தார். டாக்டர் பட்டம் வரைக்கும் போகலாம். முதலாளியிடம் அவள் கெஞ்சிக் கூத்தாடி, ரிசல்ட் வரும் வரை தவணை வாங்கியிருந்தாள்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், மேனேஜர் பக்கம். அவள் அந்த நாற்காலிக்கு வந்தால் என் தலைவலி பாதி குறையும். இதை அவளிடமே சொன்னேன்.

ஆய்வேட்டை எப்படி எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஈஸ்வரமூர்த்தி சாரைப் போய்க் கேட்டாள். நல்ல மனிதர்தான், ஆனால் நாலு கமிட்டியில் இருப்பவர். அலமாரியைத் திறந்து, பழைய மாணவி ஒருத்தி எழுதிப் பரிசு வாங்கிய ஆய்வேட்டை எடுத்துக் கொடுத்து, "இந்த மாதிரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

அந்த வார்த்தையை யாரிடம் சொல்கிறோம் என்று மனிதர் யோசித்திருக்க வேண்டும்!

பழைய ஆய்வேடு, பெரிய பண்ணை வீட்டில் வாழ்ந்து கெட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்து நாவலைப் பற்றியது. சித்ராதேவி எடுத்துக்கொண்டது, எங்கோ ஒரு தீவிலிருந்து லண்டனுக்கு வந்து, ஒரு விடுதியில் துணி துவைத்து வயிறு கழுவும் பெண்ணின் நாவல். இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அதனால் என்ன? பையர் நீலத்தில் சாம்பிள் கொடுத்துவிட்டுச் சிவப்பில் ஆர்டர் போடுவதில்லையா? அவள் பத்திக்குப் பத்தி, வாக்கியத்துக்கு வாக்கியம் அளவெடுத்தாள். பழைய ஆய்வேட்டின் வாக்கியத்தில் பண்ணைக்காரன் இருந்த இடத்தில் துணி துவைக்கிறவளை வைத்தாள். மற்றதெல்லாம் அப்படியே. ஒவ்வொரு இயலும் முடிந்ததும் ஈஸ்வரமூர்த்தி சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புவார். எங்கள் தொழிலில் பையர் அந்தப் படத்தை அனுப்பினால் துணியை வெட்ட ஆரம்பித்துவிடலாம்.

கல்லூரியில் ஆய்வேட்டைக் கொடுத்துச் சில நாள் கழித்து, ஒரு மதியம் அவருடைய போன் வந்தது. அவள் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினாள். போனை வைத்தபோது முகமெல்லாம் பல்.

"அக்கா, நான் எழுதினதும் சார் குடுத்ததும் அச்சு அசலா ஒண்ணா இருக்குதாமுங்க! துறைத்தலைவரே பாக்கணும்னு சொன்னாங்களாம். சனிக்கிழமை வரச் சொல்றாங்க."

"சார் கொரலு எப்படி இருந்துச்சு?"

"ஒரு மாதிரி கம்மிப் போயிருந்துச்சுங்க. சளி போல இருக்குதுங்க."

சாம்பிள் ஓகே ஆனால் ஓகே வாங்கினவர் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் கம்பெனி வழக்கம். அன்றைக்குச் சித்ராதேவி மெர்ச்சண்டைசிங், செக்கிங், அயர்னிங் மூன்று பிரிவுக்கும் வாங்கித் தந்தாள். இசக்கிமுத்து தன் பப்ஸைப் பாதி தின்றுவிட்டு மீதியை அவள் அம்மாவுக்கு என்று காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். நானும் தின்றேன். உருளைக்கிழங்கு கொஞ்சம் வேகவில்லை.

சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனோம். எனக்கு அங்கே வேலையில்லைதான். ஆனால், "நீங்களும் வாங்கக்கா, அப்பாவுக்கு அங்கெல்லாம் நிக்கக் கூச்சமா இருக்கும்" என்று அவள் கூப்பிட்டாள். இசக்கிமுத்து மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். துறைத்தலைவர் ஓர் அம்மாள். நரைத்த தலை, பருத்திப் புடவை. எங்களை வாசல் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கண்ணில் பட்டது, காதிலும் விழுந்தது. உள்ளே ஈஸ்வரமூர்த்தி சாரும் இருந்தார்.

மேஜையில் இரண்டு ஆய்வேடும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்கப்பட்டிருந்தன. அம்மாள் சத்தம் போடவில்லை.

"இரண்டாவது இயல், நாவலில் தோட்டம். உங்க நாவல்ல தோட்டம் எங்கம்மா வருது?"

"வராதுங்க மேடம். ஜன்னல்ல ஒரே ஒரு பூந்தொட்டி வரும்."

"அப்ப எதுக்குப் பதினாலு பக்கம் தோட்டத்தைப் பத்தி எழுதியிருக்கீங்க?"

"சாம்பிள்ல இருந்துச்சுங்க மேடம்."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷம் ரிஜெக்ட் சொல்லிச் சொல்லிப் பழகினவளுக்கு, ரிஜெக்ட் வரும் முன்னே இருக்கும் அமைதி தெரியாதா?

அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதுக்குப் பேரு காப்பி அடிக்கிறது. இதை நாங்க ஏத்துக்க முடியாது. விதிப்படி உங்க பேரையே நீக்கணும்."

சித்ராதேவிக்கு முதலில் புரியவில்லை. ஈஸ்வரமூர்த்தி சாரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக அவள் காது சிவந்தது, கழுத்து சிவந்தது.

இசக்கிமுத்து என் பக்கம் சாய்ந்து கேட்டார். "எம்மா, பிள்ள களவாண்டுட்டான்னா சொல்லுதாவ?"

அதைக் கேட்டதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டேன்.

"ஏனுங்க மேடம், சாம்பிளக் குடுத்தது உங்க சாருங்க. இந்த மாதிரி பண்ணுன்னு சொன்னதும் அவருதான். ஒவ்வொண்ணுக்கும் வெரலத் தூக்கிக் காமிச்சதும் அவருதான். இப்பப் புள்ளைய மட்டும் நிக்க வெச்சுக் கேக்கறீங்களே, இது நாயமுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி சார் முகம் செத்துப்போயிற்று. "என் மேல தப்பு இருக்கு மேடம். நான் படிக்கல" என்றார். அதைச் சொன்னதற்காக அவரைக் கொஞ்சம் மன்னித்தேன்.

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் அம்மாள். பிறகு என்னிடம், "அது எப்படி இருக்கும்னு பாக்கத்தாம்மா குடுத்தது. அதையே செய்யறதுக்கு இல்ல."

"பாக்கறதுக்கும் செய்யறதுக்கும் நடுவுல என்னங்க இருக்குது?"

"இந்தப் பொண்ணு இருக்கணும்."

நானே வாயடைத்து நின்றது எங்கள் கம்பெனியில் யாருக்கும் தெரியாது.

அம்மாள் நாலு வெள்ளைத் தாளை எடுத்துச் சித்ராதேவி முன்னால் வைத்தார். "நாவலைப் படிச்சிருக்கீங்களா, இல்லையான்னுகூட எனக்குத் தெரியல. இங்கயே உட்கார்ந்து, அதைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுதோ அதை எழுதுங்க. அதைப் பாத்துட்டு முடிவு பண்றேன்."

"எந்த மாதிரி எழுதணுமுங்க மேடம்?"

"எந்த மாதிரியும் இல்ல."

பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். பேனாவைத் திறந்தாள். மூடினாள். தாளின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து வைத்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, தாள் வெள்ளையாகவே இருந்தது. பையருக்கு ஒரு மூச்சில் இரண்டு பக்கம் மெயில் அடிக்கிற பெண்! எனக்கு எழுந்து போய் அந்தத் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. பாவமாகவும் இருந்தது. இசக்கிமுத்து சட்டையின் கீழ் விளிம்பை நீவிக்கொண்டே இருந்தார்.

பிறகு அவள் அழ ஆரம்பித்தாள். குலுங்கிக் குலுங்கி இல்லை, கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. துடைக்காமல் ஒரு வரி எழுதினாள். எழுதினதை வெறித்துப் பார்த்தாள். அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அடுத்த வரி எழுதினாள். அதற்கப்புறம் தலை நிமிரவே இல்லை.

அம்மாள் நாலு பக்கத்தையும் அவள் முன்னாலேயே வாசித்தார். வாசித்துவிட்டு, "இதை எங்கயாவது படிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம். இதை இன்னும் யாரும் அப்ரூவ் பண்ணலைங்க."

அம்மாள் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தாளை மடிக்காமல் அவளிடமே கொடுத்தார். பெயரை நீக்கப் போவதில்லை. ஆனால் இந்த ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது, இந்தப் பருவத்தில் பட்டம் கிடையாது. ஆராய்ச்சி இடம் வேறு ஒருவருக்குப் போகும். வேண்டுமானால் அடுத்த பருவத்தில் புதிதாக எழுதலாம், இந்த நாலு பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் அதுதான் கடைசி. அதிலும் தேறாவிட்டால் சேர்க்கையே ரத்து. நன்றாக வரும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். நாலு பக்கத்தில் கோபம் இருக்கிறது, ஒழுங்கு இல்லை என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான், முன் சீட்டில் இசக்கிமுத்து. அவர் பாவம், டிக்கெட் எடுத்ததோடு சரி, திரும்பிப் பார்க்கவே இல்லை.

"அப்படி என்னதான் எழுதித் தொலைச்ச?" என்றேன்.

"அந்தப் பொண்ணை எனக்குப் புடிக்கலைன்னு எழுதினேனுங்க."

"எந்தப் பொண்ணு?"

"நாவல்ல வர்றவ. விடுதிக்காரம்மாகிட்ட எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்வா. ஜன்னல் தெறக்கறதுக்கும் கேப்பா. எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டா. கடைசில விடுதிக்காரம்மா செத்துப்போறாங்க. இவ விடுதலையாச்சுன்னு எங்கயாச்சும் போவான்னு பாத்தா, உத்தரவு போட இன்னொரு ஆளத் தேடிப் போறா. அவளுக்கு எவ்வளவு பொறுமைன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. பொறுமை இல்லீங்கக்கா, அது பயம். எனக்கு அவளப் பாத்தா ஆத்தரமா வருதுங்க."

"கதைல வர்றவ மேல உனக்கென்ன புள்ள அத்தன ஆத்தரம்?"

"அதையும் எழுதியிருக்கேனுங்க. ஆனா உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்."

அந்தப் பெண் என்னிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திங்கட்கிழமை முதலாளி அவளை அறைக்குக் கூப்பிட்டார். ஒரு ஷிப்மென்ட் விஷயமாக நானும் அங்கே இருந்தேன். செங்கோட்டையன் நல்ல மனுஷர், சுற்றி வளைக்க மாட்டார். விஷயம் அவர் காதுக்கு ஏற்கெனவே போயிருந்தது. எங்கள் கம்பெனியில் எது போகாது?

"என்ன கண்ணு, காலேஜுல கை விரிச்சுட்டாங்களாமா? போவுது விடு. உன்ற தெறமைக்கு அந்தக் காயிதம் எதுக்கு? நாளைல இருந்து மேனேஜர் சீட்டுல உக்காரு."

நான் அவளுக்குத் தலையாட்டினேன். சரி என்று சொல், சொல்லிவிடு என்று கண்ணால் காட்டினேன். ஊரில் எத்தனை பேர் அந்த நாற்காலிக்குத் தவம் கிடக்கிறார்கள்!

"வேண்டாங்க சார்."

"என்னது?"

"எனக்குச் சனி ஞாயிறு வேணுமுங்க. திரும்ப எழுதப் போறேனுங்க."

"ஆரு கண்ணு உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது? அந்தக் காலேஜ் அம்மாவா?"

"யாரும் சொல்லலீங்க."

செங்கோட்டையன் என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். அவர் கோபப்படவில்லை. தன் மகளிடம் பேசுவது போலத்தான் பேசினார். "நல்லா ரோசன பண்ணு கண்ணு. ஒருக்கா போயிருச்சு. அடுத்த வாட்டியும் போச்சுன்னா காலேஜும் இல்ல, இந்தச் சீட்டும் இல்ல. ரெண்டும் கெட்டு நிப்ப. அப்ப என்ன பண்ணுவ?"

அவள் எப்போதும் போல முதலில் என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று என் முகத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதை வாசித்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"இந்த வாட்டி போனது நான் எழுதினது இல்லீங்க சார். அடுத்த வாட்டி போச்சுன்னா, நான் எழுதினது போனதா இருக்குமுங்க."

சொல்லிவிட்டு, டென்மார்க் பையருக்குச் சாம்பிள் அனுப்ப வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். செங்கோட்டையன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், மேனேஜர் வேலைக்கு வேறு ஆள் இருந்தால் பார்க்கும்படி என்னிடம் சொன்னார்.